வெட்டிய கை தெரியும் பிரதி: விக்கிப்பீடியாவும் நம் மௌனமும்

1

சிறுபத்திரிகை வட்டாரத்திலும் இயக்கத் தோழர்கள் மத்தியிலும் விக்கிப்பீடியா பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பதில்கள் வருகின்றன. ஒன்று: "அதுல யார் வேணும்னாலும் எது வேணும்னாலும் எழுதலாம், அதைப் போய் எவன் நம்புவான்?" இன்னொன்று: "நாம எழுதினா அழிச்சிடுறாங்க, அது ஒரு கும்பல் கையில இருக்கு." இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்வதும் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் அது எப்படி ஒரு கும்பலின் கையில் இருக்க முடியும்? கும்பலின் கையில் இருக்கிறது என்றால் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பது எப்படிச் சரி? இந்த முரணைச் சுட்டிக்காட்டிக் கெக்கலிப்பது என் நோக்கமல்ல. இரண்டு கூற்றும் பாதி உண்மை. அந்த இரண்டு பாதிகளும் உரசிக்கொள்ளும் இடத்தில்தான் கூட்டுத் தொகுப்பின் அரசியல் இயங்குகிறது. அங்கே போய் நிற்க நமக்கு மனமில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

இது ஏதோ கணினிக்காரர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. மாணவர் ஒப்படைப்பு எழுதுவதும், செய்தியாளர் பின்னணி தேடுவதும், ஒரு ஊரின் பெயரைக் கேள்விப்பட்டவர் முதலில் தட்டிப் பார்ப்பதும் அங்கேதான். கேள்வி கேட்டால் வாய் திறந்து பதில் சொல்லும் இன்றைய இயந்திரங்களும் விக்கிப்பீடியாவை மென்று விழுங்கியே பேசக் கற்றிருக்கின்றன. அங்கே இல்லாதது நாளை எங்கேயும் இல்லாததாக ஆகக்கூடும். அங்கே கோணலாக இருப்பது ஆயிரம் வாய்களில் கோணலாகவே திரும்ப வரும். மாற்று வரலாறு, விளிம்புநிலை வரலாறு என்று முப்பது ஆண்டுகளாகப் பேசிவரும் நாம் இந்த இடத்தைப் பற்றி ஒரு நிலைப்பாடும் எடுக்காமல் இருப்பது வெறும் சோம்பல் அல்ல. அதுவும் ஒரு அரசியல்தான்.

2

கலைக்களஞ்சியம் அப்பாவித்தனமான ஒரு வகைமை அல்ல. எதை அறிவு என்று எண்ணுவது, எதற்கு எத்தனை வரி ஒதுக்குவது, எதைத் தனித் தலைப்பாக்குவது, எதை 'காண்க' என்று சொல்லி இன்னொன்றின் காலடியில் தள்ளுவது என ஒவ்வொன்றும் அதிகாரத்தின் செயல்பாடு. தமிழில் இதற்கு ஒரு வம்சாவளி உண்டு.

1902 இல் யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசம் வெளிவருகிறது. 1910 இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி. ஒரு தமிழாசிரியர் தனியாளாக ஆண்டுக்கணக்கில் தொகுத்து, அச்சேற்ற ஆளில்லாமல் அலைந்து, கடைசியில் பாண்டித்துரைத் தேவரின் ஆதரவில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக அது வெளிவந்தது. ஒரு தனிமனிதரின் உழைப்பு, ஒரு புரவலரின் கொடை என்பதே அதன் உற்பத்தி முறை. அடுத்தது பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த கலைக்களஞ்சியம். புரவலரின் இடத்துக்கு நிறுவனம் வருகிறது. தனியொரு புலவரின் இடத்துக்குத் துறை வல்லுநர்கள் வருகிறார்கள். இரண்டுமே மகத்தான உழைப்புகள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரண்டிலும் வாசகருக்கு ஒரே ஒரு வேலைதான். வாங்கிப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். 'இது தப்பு' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதலாம். அந்த ஓரக் குறிப்பு அடுத்த வீட்டுப் பிரதிக்குப் போகாது. அச்சில் முடிந்துபோன கலைக்களஞ்சியத்துக்கு மறுநாள் நடப்பது தெரியாது. பத்தாவது தொகுதி வந்த அதே 1968 இன் டிசம்பரில்தான் கீழ்வெண்மணி எரிந்தது.

மூன்றாவது உற்பத்தி முறை வேறொரு இடத்திலிருந்து வருகிறது. 1995 இல் வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர், நிரலாளர்கள் தங்கள் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள, படிப்பவரே திருத்தக்கூடிய பக்கங்களை உருவாக்கினார். ஹவாய் மொழியில் 'விக்கி விக்கி' என்றால் விரைவு. ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயரிலிருந்து அதை எடுத்துக்கொண்டார். 2000 இல் ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் நடத்திய நியூபீடியா, வல்லுநர்கள் எழுதி ஏழு கட்டச் சரிபார்ப்பைத் தாண்டி வெளியாகும் கலைக்களஞ்சியமாகத் திட்டமிடப்பட்டது. 2003 இல் அது மூடப்பட்டபோது முழுமையாகத் தேறியிருந்த கட்டுரைகள் முப்பதுக்கும் குறைவு. அதற்குத் துணையாக, வரைவுகள் தயாரிக்கும் பட்டறை மாதிரி 2001 ஜனவரி 15 அன்று தொடங்கப்பட்ட விக்கிப்பீடியா ஒரே ஆண்டில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எட்டித் தாயையே விழுங்கிவிட்டது. தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பர் 30 இல் தொடங்கியது. அதன் தொடக்க காலத்தைத் தன் தோளில் சுமந்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தொடங்கியவர். 2017 இல் அங்கே கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. இப்போது ஒன்றரை லட்சத்துக்கும் மேல். இத்தனைக்கும் யாருக்கும் சன்மானம் இல்லை. கட்டுரைக்கு அடியில் பெயர் போடுவதும் இல்லை.

3

பெயர் போடுவதில்லை என்றதும் நம் ஆட்களுக்கு உற்சாகம் வந்துவிடும். 1967 இல் ரோலான் பார்த் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தார். 1969 இல் ஃபூக்கோ 'ஆசிரியன் என்பது என்ன' என்று கேட்டார். தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982 இல் வந்த பிறகு இதையெல்லாம் நாம் சலிக்கச் சலிக்கப் பேசிவிட்டோம். ஆகவே விக்கிப்பீடியாவை 'ஆசிரியன் செத்த பிரதி' என்று கொண்டாடிவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றும். நான் இதை ஏற்கவில்லை.

ஒரு பழைய கதை. பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சில் தித்ரோவும் தலம்பேரும் தொடங்கிய கலைக்களஞ்சியம் 1751 முதல் 1772 வரை 28 தொகுதிகளாக வந்தது. 17 தொகுதிகள் எழுத்து, 11 தொகுதிகள் படம். 1759 இல் அரசு அதன் உரிமத்தை ரத்து செய்தது. தலம்பேர் விலகிப் போனார். தித்ரோ மறைவாக வேலையைத் தொடர்ந்தார். ஷெவாலியே த ஜோகூர் என்ற பிரபு ஏறத்தாழ 17,000 கட்டுரைகளை எழுதினார். அரசு ஒடுக்கியதைவிட தித்ரோவை அதிகம் நொறுக்கியது வேறொன்று. 1764 இல் தன் கட்டுரை ஒன்றை அச்சான தாளில் பார்த்தபோது அதில் வரிகள் காணாமல் போயிருந்தன. தேடிப் பார்த்தால் ஒன்றிரண்டு அல்ல, பல கட்டுரைகள் சிதைக்கப்பட்டிருந்தன. பதிப்பாளர் லெ பிரெதோன், ஆசிரியர் மெய்ப்புப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு, தனக்கு ஆபத்து வரக்கூடும் என்று பட்ட இடங்களையெல்லாம் ரகசியமாக வெட்டியிருந்தார். எதிரி கோட்டைக்கு வெளியே இல்லை, அச்சுக்கூடத்துக்குள்ளேயே இருந்தான். வெட்டிய கை தெரியவில்லை என்பதே அங்கு நடந்த வன்முறை.

விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் இன்னொரு பக்கம் இருக்கிறது. 'வரலாறு' என்று அதற்குப் பெயர். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தப் பயனர், எந்தச் சொல்லைச் சேர்த்தார், எந்த வரியை வெட்டினார் என்பது அத்தனையும் அங்கே கிடக்கிறது. வெட்டப்பட்டதும் பெரும்பாலும் அழிவதில்லை, மீட்டெடுத்துவிடலாம். அதாவது லெ பிரெதோனின் கத்தி இங்கேயும் இருக்கிறது, ஆனால் அதில் கைரேகை பதிகிறது. ஆசிரியன் இங்கே செத்துப் போகவில்லை. சிதறியிருக்கிறான், அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறான், அடுக்குக்கு அடுக்கு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறான். விக்கிப்பீடியாவின் கட்டுரையை மட்டும் வாசிப்பவர் அதன் பாதியைத்தான் வாசிக்கிறார். அந்த வரலாற்றையும், கட்டுரையோடு ஒட்டியிருக்கும் உரையாடல் பக்கத்தையும் சேர்த்து வாசிப்பதுதான் முழு வாசிப்பு. பிரதியின் இடைவெளிகளை வாசிக்க வேண்டும் என்று எத்தனை கட்டுரை எழுதினோம்! இதோ ஒரு பிரதி தன் இடைவெளிகளைத் தானே தேதி போட்டுக் கொடுக்கிறது. நாம்தான் அந்தப் பொத்தானை அழுத்துவதே இல்லை.

4

இனி, தோழர்களுக்கு மிகவும் கசக்கும் சொல்லுக்கு வருவோம்: நடுநிலை. விக்கிப்பீடியாவின் உள்ளடக்கக் கொள்கைகளில் முதலாவது இதுதான். ஒடுக்குபவனுக்கும் ஒடுக்கப்படுபவனுக்கும் நடுவில் நிற்பது ஒடுக்குபவன் பக்கம் நிற்பதே என்பது நம் பாலபாடம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அங்கே நடுநிலை என்ற சொல் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

கீழ்வெண்மணி பற்றி ஒரு பக்கம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். "1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டனர்." இந்த வாக்கியத்தில் உரிச்சொல்லே இல்லை. 'கொடூரமான' இல்லை, 'நெஞ்சை உலுக்கும்' இல்லை. எதுவும் குறைந்துவிட்டதா? எனக்கு என்னவோ நம் மேடைப் பேச்சுகளைவிட இது அதிகம் சுடுகிறது. அடுத்து எண்ணிக்கை. இயக்கங்கள் 44 என்கின்றன. 42 என்று சொல்லும் பதிவுகளும் உண்டு. நடுநிலை என்றால் கூட்டி இரண்டால் வகுத்து 43 என்று எழுதுவது அல்ல. எந்தப் பதிவு எதைச் சொல்கிறது என்று பெயர் சொல்லி எழுதுவது. கீழமை நீதிமன்றம் நிலவுடைமையாளர்களைத் தண்டித்தது, உயர் நீதிமன்றம் விடுவித்தது. இரண்டையும் எழுத வேண்டும். அது கூலிப் போராட்டத்தின் விளைவா, சாதி வன்கொடுமையா என்று இடதுசாரிகளும் தலித் சிந்தனையாளர்களும் ஆண்டுக்கணக்கில் மோதியிருக்கிறார்கள். அந்த மோதலையும் யார் எதைச் சொன்னார்கள் என்று எழுத வேண்டும். எழுதுபவர் எந்தப் பக்கம் என்பதைத் தவிர மற்ற எல்லாம் அங்கே வந்தாக வேண்டும். 'அசம்பாவிதம்' என்று ஒருவர் வந்து மாற்றினால், அதற்குச் சான்று கேட்டு அந்தச் சொல்லை நீக்கும் உரிமையும் இதே கொள்கையிலிருந்துதான் நமக்கு வருகிறது.

இன்னொரு உதாரணம், இதைவிட இரத்தச் சூடானது. ஈழப் போர் நடந்துகொண்டிருந்தபோதே ஆங்கில விக்கிப்பீடியாவில் அது பற்றிய பக்கங்களில் தமிழரும் சிங்களவரும் மாற்றி மாற்றி அழித்துக்கொண்டிருந்தார்கள். அதன் நடுவே இரு தரப்பினரும் சேர்ந்து இலங்கை நல்லிணக்கத் திட்டம் ஒன்றை அங்கே அமைத்தார்கள். அவர்கள் செய்தது ரொம்பச் சாதாரணமான வேலை: மூலங்களைப் பட்டியலிட்டார்கள். எது பொதுவாக நம்பத்தக்கது, எது ஒரு தரப்பைச் சார்ந்தது என்று பிரித்தார்கள். சார்புள்ளதைத் தூக்கியெறியாமல், 'புலிகளுக்கு ஆதரவான இன்ன தளத்தின் கூற்றுப்படி', 'அரசின் பாதுகாப்பு அமைச்சின் கூற்றுப்படி' என்று அடைமொழியோடு பயன்படுத்தலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். போரை இது நிறுத்தவில்லை. நிறுத்தும் என்று எவரும் சொல்லவும் இல்லை. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மறுத்த ஒரு காலத்தில், 'யார் சொன்னது' என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு இரு தரப்பும் ஒரே பக்கத்தை எழுத முடிந்தது. அடைமொழி என்பது ஒரு சிறிய இலக்கணக் கருவி. அதற்குள் இவ்வளவு அரசியல் இருக்கிறது.

5

நடுநிலையைவிட எனக்குச் சிக்கலாகப் படுவது அடுத்த கொள்கை. அங்கே சொல்லப்படும் எதுவும் ஏற்கெனவே வெளியான நம்பகமான மூலத்தால் உறுதிசெய்யப்படக்கூடியதாக இருக்க வேண்டும். தமிழில் இதற்கு மெய்யறிதன்மை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சொந்த ஆய்வுக்கு இடமில்லை. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அச்சில் வந்ததே அறிவு என்றால், அச்சு யார் கையில் இருந்தது என்ற கேள்வி உடனே எழுகிறது.

இது கற்பனைச் சிக்கல் இல்லை. 2018 அக்டோபரில் டானா ஸ்ட்ரிக்லண்டுக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவருக்கு விக்கிப்பீடியாவில் ஒரு பக்கம்கூட இல்லை. அதே ஆண்டு மே மாதம் யாரோ ஒருவர் வரைவு எழுதிக் கொடுத்தும், போதிய மூலங்கள் இல்லை என்று அது திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. வெளியில் பத்திரிகைகள் ஒரு பெண் விஞ்ஞானியைப் பற்றி எழுதாமல் இருந்தன. அந்த மௌனத்தை விக்கிப்பீடியா நகலெடுத்தது. உள்ளேயும் நிலைமை சரியில்லை. விக்கிமீடியா அறக்கட்டளை 2011 இல் தன் தொகுப்பாளர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் பெண்கள் பத்துக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அதே 2011 இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு சோதனை நடந்தது. மலையாளம், இந்தி, வட சோத்தோ ஆகிய மொழிகளில், நூல்களில் ஏறாத நாட்டுப்புற விளையாட்டுகள், சடங்குகள், உணவு வகைகள் பற்றி மக்களிடமே கேட்டுப் பதிவுசெய்து, அந்த ஒலிப்பதிவையே சான்றாகக் காட்டிக் கட்டுரை எழுதினார்கள். 'மக்களே அறிவு' என்று அதைப் பற்றி ஒரு ஆவணப்படமும் வந்தது. வாய்மொழி சான்றாகுமா என்று கடும் விவாதம் எழுந்தது. விக்கிப்பீடியாவின் விதி இன்றுவரை பெரிதாக மாறிவிடவில்லை.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். சாதிகள் பற்றிய பக்கங்கள் எப்படிப்பட்ட களம் என்று உள்ளே போனவர்களுக்குத் தெரியும். ஆண்ட பரம்பரைக் கதைகளைக் கொண்டுவந்து கொட்டுகிறவர்கள் ஓய்வதேயில்லை. ஆங்கிலத்தில் தெற்காசியச் சாதிப் பக்கங்களுக்கென்றே தனிக் கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று. அங்கே இவர்களைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருப்பது எது? இதே மெய்யறிதன்மைதான். காலனிய அதிகாரிகள் எழுதிய சாதி விவரணங்களை, எட்கர் தர்ஸ்டன் 1909 இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூல் உட்பட, அப்படியே மூலமாக ஏற்க முடியாது என்று அங்குள்ள அனுபவமிக்க தொகுப்பாளர்கள் வாதிட்டு நிலைநாட்டியிருக்கிறார்கள். காலனிய அறிவுருவாக்கம் பற்றி நாம் கருத்தரங்குகளில் பேசியதை, பெயர் தெரியாத சிலர் ஒரு நடைமுறை விதியாகவே ஆக்கிவிட்டார்கள்.

ஆக, இந்த விதியை ஒடுக்குமுறை என்றோ விடுதலை என்றோ ஒற்றை முத்திரை குத்த முடியாது. அது அச்சுக்குக் கட்டுப்பட்டது. அச்சில் நம்முடையது இருந்தால் அது நமக்கும் வேலை செய்யும். இந்த இடத்தில்தான் சிறுபத்திரிகைக்காரர்களைப் பார்த்து எனக்கு ஒரு கேள்வி. நம்முடையது அச்சில் இல்லையா? 1907 முதல் 1914 வரை அயோத்திதாசர் நடத்திய பத்திரிகை, 1959 இலிருந்து சி.சு. செல்லப்பா நடத்திய 'எழுத்து', எழுபதுகளின் 'கசடதபற', தொண்ணூறுகளில் வெடித்த தலித் இதழ்கள், பெண்ணிய இதழ்கள் எல்லாம் என்ன? பெரும் பத்திரிகைகள் தொடாத எழுத்தாளர்கள், போராட்டங்கள், நாடகக் குழுக்கள் பற்றிய ஒரே அச்சுச் சான்று பல நேரம் ஐந்நூறு பிரதி அடித்த ஒரு இதழில்தான் இருக்கிறது. அது உங்கள் பரணில் கரையான் அரிக்கக் கிடக்கிறது. 'இவர் குறிப்பிடத்தக்கவர் இல்லை' என்று ஒரு கவிஞரின் பக்கத்தை நீக்கப் பரிந்துரைக்கிறார்கள் என்று கோபப்படுகிறோமே, இதழ் எண், மாதம், ஆண்டு, பக்கம் போட்டு மூன்று மேற்கோள் காட்ட யாராவது போனோமா? அயோத்திதாசர் எழுத்துகள் 1999 இல் தொகுக்கப்பட்டு வந்த பிறகுதான் அவரைப் பற்றிய பேச்சு பரவலாயிற்று. சான்று கையெட்டும் தூரத்தில் இருந்தால் வரலாறு மாறுகிறது.

6

கூட்டு என்றாலே ஜனநாயகம் என்று நான் சொல்லவில்லை. கூட்டு வேலை சீரழிந்த கதைகளும் உண்டு.

குரோஷிய மொழி விக்கிப்பீடியாவை ஏறத்தாழ 2011 இலிருந்து 2020 வரை ஒரு வலதுசாரி நிருவாகிகள் கூட்டம் கைப்பற்றி வைத்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் செர்பியர்களும் யூதர்களும் ரோமா மக்களும் கொன்று குவிக்கப்பட்ட யாசெனோவாட்ஸ் முகாமை ஏதோ ஆட்களைச் சேர்த்து வைத்த இடம், உழைப்பு முகாம் என்பதாக அது எழுதியது. எதிர்த்த பயனர்களைத் தடைசெய்தது. அறக்கட்டளையே ஆய்வு நடத்தி 2021 இல் அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. ஸ்காட்ஸ் மொழியில் நடந்தது வேறு மாதிரி. அமெரிக்கப் பதின்வயதுப் பையன் ஒருவன், அந்த மொழியே தெரியாமல், ஆங்கிலச் சொற்களை அகராதி பார்த்துத் திரித்துத் திரித்து ஆண்டுக்கணக்கில் பல ஆயிரம் பக்கங்களை எழுதிக் குவித்தான். 2020 இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அவனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, உதவத்தான் நினைத்தான். அந்த மொழியைப் பேசுகிறவர்கள் அத்தனை ஆண்டுகளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் கதையில் கெட்ட எண்ணம், இரண்டாவதில் நல்ல எண்ணம். இரண்டும் நடந்ததற்குக் காரணம் ஒன்றே: பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர்கள் அங்கே இல்லை.

நமக்கே ஒரு கதை உண்டு. 2009, 2010 வாக்கில் கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியையும் கூலிக்கு அமர்த்திய மொழிபெயர்ப்பாளர்களையும் வைத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி விக்கிப்பீடியாக்களில் கொண்டுவந்து இறக்கியது. நீள நீளமான கட்டுரைகள். அமெரிக்க நடிகர்கள், பாடகர்கள். வாய்க்குள் நுழையாத வாக்கியங்கள். கேட்டால் திருத்த ஆளில்லை, போட்டவர் போய்விட்டார். வங்க மொழிக்காரர்கள் அதை மறுத்துவிட்டார்கள். தமிழ் விக்கிப்பீடியர்கள் அதை அப்படியே விழுங்கவுமில்லை, துப்பிவிடவுமில்லை. அந்தக் கட்டுரைகளைப் படித்து, பிழைகளை வகைப்படுத்தி, நிறுவனத்தோடு பேசி, எந்தத் தலைப்புகள் தேவை, எப்படிப்பட்ட தமிழ் வேண்டும் என்று கேட்டார்கள். 2010 இல் போலந்தின் கிதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் இதை ஒரு விமர்சனமாகவே முன்வைத்தார்கள். ஒரு பன்னாட்டு நிறுவனத்தை எதிர்கொள்வது என்றால் நமக்குத் தெரிந்தது கண்டனத் தீர்மானம். அவர்கள் செய்தது பிழைப்பட்டியல். எது அதிகம் வேலை செய்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

அங்கே எல்லாம் தேனும் பாலும் என்றும் எண்ணிவிட வேண்டாம். கிரந்த எழுத்துப் பிரச்சினை ஒன்று போதும். ஸ்டாலினா, இசுடாலினா? ஜனவரியா, சனவரியா? பக்கம் பக்கமாக நீளும் சண்டை. 'ஸ்ட்ரக்சுரலிசம்' என்று தலைப்பு வைத்த நூலை அங்கே எந்தத் தலைப்பில் தேடுவது என்பது ஒரு கோட்பாட்டுக் கேள்வியாகவே ஆகிவிடும். கூடவே இன்னொன்று: தமிழகத்தான் டொராண்டோ என்பான், ஈழத்தவர் ரொறன்ரோ என்பார். எண்ணிக்கை பலத்தில் தமிழகத்து வழக்கே தரம் என்று ஆகிவிடும் ஆபத்து நிஜமானது. இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி வழிமாற்று. எந்த வடிவத்தில் தட்டினாலும் ஒரே பக்கத்துக்குப் போகும். கட்டுரையில் இரு வழக்கும் குறிக்கப்படும். எது தலைப்பு, எது வழிமாற்று என்பதில் அதிகாரம் ஒளிந்திருக்கிறது, வாஸ்தவம். ஆனாலும் ஒரு மொழிக்குள்ளே பல தமிழ்கள் ஒன்றையொன்று அழிக்காமல் இருக்க இது ஒரு நடைமுறை ஏற்பாடு. இதையெல்லாம் பேசும் பொது இடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஆலமரத்தடி. ஆலமரத்தடியில் யார் திண்ணையில் உட்கார்ந்தார்கள், யார் எட்டி நின்றார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் அதை அங்கே போய்க் கேட்க வேண்டும்.

உழைப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அங்கே யார் ஜெயிக்கிறார்? பல நேரம், அதிக நேரம் உள்ளவர். விடாமல் பதில் சொல்லிக்கொண்டே இருக்க முடிந்தவர். கூலி வேலைக்குப் போய் வந்து, அடுப்பு பற்றவைத்து, பிள்ளையைத் தூங்கவைத்த பிறகு ஒரு பெண்ணுக்கு உரையாடல் பக்கத்தில் வாதாட எத்தனை நிமிடம் மிஞ்சும்? ஓய்வு என்பது சமமாகப் பங்கிடப்படாத ஒரு சொத்து. இந்தச் சமத்துவமின்மை விக்கிப்பீடியாவின் விதிகளில் எழுதப்படவில்லை. ஆனால் அதன் ஒவ்வொரு பக்கத்திலும் படிந்திருக்கிறது. தனியாளாகப் போகாமல் குழுவாகப் போவது ஒன்றே இதற்கு என் கண்ணில் படும் வழி. ஒரு வாசகர் வட்டம், ஒரு மாதர் அமைப்பு, ஒரு ஊர் நூலகம் சேர்ந்து உட்கார்ந்தால் ஓய்வையும் கொஞ்சம் பங்குபோட முடியும். ஆனால் குழுவாகப் போவது ஓட்டுப் போட அல்ல. ஒரே கருத்தைப் பத்துப் பேர் போய்க் கத்துவதை அவர்கள் சரியாகவே தடுக்கிறார்கள். வேலையைப் பிரித்துக்கொள்ளத்தான் குழு.

7

ஆக்கபூர்வமான பங்களிப்பு என்ற சொற்றொடர் எனக்குப் பிடிப்பதில்லை. 'ஆக்கபூர்வமா விமர்சனம் பண்ணுங்க' என்று சொல்லித்தான் நிறுவனங்கள் நம் வாயை அடைக்கின்றன. இருந்தாலும் கூட்டுத் தொகுப்பின் சூழலில் அதற்கு ஒரு துல்லியமான பொருள் கொடுக்க முடியும் என்று நினைக்கிறேன்: அடுத்தவர் சரிபார்க்கக்கூடிய, அடுத்தவர் திருத்தக்கூடிய, தேவைப்பட்டால் அடுத்தவர் நீக்கக்கூடிய விதத்தில் எழுதுவது. நீக்க முடியாத எழுத்தை எழுத ஆசைப்படுகிறவர்கள் நாம். கல்வெட்டு மனோபாவம். அதற்கு நேரெதிரான ஒரு எழுத்துப் பயிற்சியை அந்த இடம் கேட்கிறது.

அது சின்னச் சின்ன வேலைகளால் ஆனது. மணல்தொட்டியில் எழுதிப் பழகலாம். புதுப் பக்கம் தொடங்குவதற்கு முன் இருக்கிற பக்கத்தில் தேதியைச் சரிபார்க்கலாம், ஒரு மேற்கோள் சேர்க்கலாம். ஒரு வரியை நீக்கினால் ஏன் நீக்கினேன் என்று சுருக்கத்தில் எழுதிவைக்கலாம். அது லெ பிரெதோன் எழுத மறந்த வரி. நம் தொகுப்பை ஒருவர் அழித்தால் உடனே திரும்பப் போடாமல் உரையாடல் பக்கத்தில் 'எந்த மூலத்தை வைத்து?' என்று கேட்கலாம். மறுதரப்பு எடுத்த எடுப்பில் அயோக்கியன் என்று எண்ணாமல், நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார் என்று தொடங்க வேண்டும் என்பது அங்கே ஒரு நெறி. இயக்கங்களுக்குள்ளேயே ஒருவரையொருவர் உளவாளி என்று பட்டம் கட்டிப் பிளந்து பிளந்து போன நமக்கு இது புதிய பயிற்சி. தன் நூலுக்குத் தானே பக்கம் தொடங்குவது, நண்பரின் பக்கத்தில் புகழ்மொழி சேர்ப்பது, எதிராளியின் பக்கத்தில் கிசுகிசு ஏற்றுவது எல்லாம் கூடாது. சிறுபத்திரிகை உலகத்தில் இந்த மூன்றும் இல்லாமல் ஒரு இதழ் வந்திருக்கிறதா என்று யோசிக்கிறேன்.

அரசும் மூலதனமும் இந்த இடத்தைக் கவனிக்காமல் இல்லை. 2024 இல் இந்தியச் செய்தி நிறுவனம் ஒன்று விக்கிமீடியா அறக்கட்டளை மீது தில்லி உயர் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குப் போட்டது. அந்த வழக்கைப் பற்றிய பக்கத்தையே நீக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது, பக்கம் எடுக்கப்பட்டது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஒரு பக்கத்தில் இருக்கும் சில வாக்கியங்களுக்காக அவர்கள் நீதிமன்றம்வரை போகிறார்கள். அந்த வாக்கியங்களின் மதிப்பு அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு இது. இதழ் நடத்துகிற ஒவ்வொருவரும் தங்கள் பழைய இதழ்களின் உள்ளடக்க அட்டவணையை இதழ் எண், மாதம், ஆண்டு, பக்க எண்ணோடு தட்டச்சுசெய்து பொதுவில் வைக்க வேண்டும். களத்தில் இருக்கும் தோழர்கள் உண்மை அறியும் குழு அறிக்கைகளைத் துண்டறிக்கையாக விட்டுவிடாமல் தேதியும் பதிப்பகப் பெயரும் உள்ள வெளியீடாகக் கொண்டுவர வேண்டும். பிறகு நம் ஊர்ப் பக்கத்தைத் திறந்து, அதில் சேரி இருக்கிறதா, அங்கே நடந்த போராட்டம் இருக்கிறதா, கோயில் மட்டும்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஒரு வரி, ஒரு சான்று. மறுநாள் அதை யாராவது வெட்டியிருந்தால் 'வரலாறு' பக்கத்தில் அவர் பெயர் இருக்கும். அங்கேயே அவரிடம் பேசத் தொடங்கலாம்.